எலி அமைதியா இருக்கு எண்டு யார் சொன்னது?

தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து எங்கட வீட்டுப் பூனை அலுமாரிக்குப் பின்னால போய் ஒளிச்சிட்டுது. "அறையில கொஞ்சம் தோடம்பழ எண்ணெய் வை, அடங்கும்" எண்டு தோழி ஒருத்தி மெசேஜ் போட்டாள். நல்ல மனசோட சொன்னதுதான். ஆனால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1937இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கத்தஃபோசே 'அரோமாதெரபி' என்ற பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வாசனை எண்ணெய்களால் சிகிச்சை என்ற எண்ணத்துக்கு அங்கேதான் பெயர் கிடைத்தது. மனிதர் என்றால் "இப்ப சுகமா இருக்கு" எண்டு வாய்விட்டுச் சொல்லுவார். விலங்கு சொல்லாது. அதன் பயத்தை அளக்க ஒரு வழி வேணும்.

1980களில் அப்படி ஒரு வழி பரவலானது. தரையிலிருந்து உயர்த்தி வைத்த, கூட்டல் குறி வடிவப் பாதை. இரண்டு பக்கங்களுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. எலி இயல்பாகவே சுவருக்குள் பதுங்கும். பதற்றம் தணிக்கிற மருந்து கொடுத்தால் திறந்த பக்கத்தில் கூட நேரம் நிற்கும். அந்த நேரமே அமைதியின் அளவுகோலானது.

2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு லாவெண்டர், ரோஜா, எலுமிச்சை எண்ணெய்களின் ஆவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலுமிச்சைதான் முந்தியது. 2010இல் பிரேசிலில் எலிகளைத் தோடம்பழ வாசத்தில் ஐந்து நிமிடம் வைத்த பிறகு இதே பாதையில் விட்டார்கள். திறந்த பக்கத்துக்குக் கூடப் போயின. ஏதோ ஒரு வாசம் பட்டாலே இப்படித்தானோ எண்ட சந்தேகம் வரும்தானே? அதற்காகத் தேயிலை மர எண்ணெயையும் சோதித்தார்கள். அதில் இந்த விளைவு இல்லை. ஆகவே இது வெறும் கட்டுக்கதை இல்லை.

ஆனால் ஜப்பானிய ஆய்வில் இன்னொரு சோதனையும் இருந்தது. தப்ப வழியில்லாத தண்ணீர்ப் பாத்திரத்தில் எலியை நீந்த விடுவது. 1977இல் போர்சோல்ட் என்பவரும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்தியது. எலி நீந்துவதை நிறுத்தி அசையாமல் மிதந்தால், அது நம்பிக்கை இழந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். அதாவது விஞ்ஞானத்துக்கே தெரியும்: அசையாமல் இருப்பதெல்லாம் அமைதி இல்லை.

வீடுகளில் இந்த வித்தியாசம் மறந்துபோகிறது. 1990களில் குரைக்கும் நாய்களுக்கு ஒரு கழுத்துப்பட்டி வந்தது. நாய் குரைத்தால் முகத்தில் சிட்ரனெல்லாவைப் பீய்ச்சும். சிட்ரனெல்லா எலுமிச்சை வாசமுள்ள ஒரு புல்லின் எண்ணெய். நாய் வாயை மூடும், உண்மைதான். ஆனால் அது ஆறுதலால் இல்லை, அந்தத் தொல்லை பிடிக்காததால். கிட்டத்தட்ட ஒரே வாசம்தான். ஆய்வுகூடத்தில் எலியின் பயத்தைக் குறைத்தது, வீட்டில் நாயை அதட்டியது.

பூனைக்கு விசயம் இன்னும் மோசம். தோடம்பழ எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு லிமொனீன். 1980களில் தெள்ளுப்பூச்சியைக் கொல்ல அதையே செல்லப்பிராணிகளில் பூசினார்கள். அளவு கூடியபோது பூனைகளுக்கு எச்சில் வடிந்தது, உடல் நடுங்கியது, நடை தள்ளாடியது. பூனையின் ஈரல் இப்படியான பல பொருட்களை மெதுவாகத்தான் கழித்து வெளியேற்றும். எலிக்குக் கிடைத்த முடிவைப் பூனைக்குக் கடன் கொடுக்க ஏலாது. சோர்ந்து சுருண்டு கிடக்கிற பூனையைப் பார்த்து "அடங்கிட்டுது" எண்டு நாங்கள் சந்தோசப்படவும் கூடும்.

தோழி சொன்ன சொல்லும் 'அடங்கும்' என்பதுதான், 'பயம் போகும்' என்பதில்லை. எங்களுக்கு வேண்டியது பூனையின் நிம்மதியா, எங்கட நிம்மதியா?

அண்டைக்கு எண்ணெய் வைக்கவில்லை. யன்னலைச் சாத்தி, அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய காட்போட் பெட்டியை வைத்துவிட்டு, லைற்றை அணைத்தோம். வெடிச் சத்தம் நிண்டு கன நேரத்துக்குப் பிறகு, தானாகவே வெளியில வந்தது.