விளம்பரம் கார்களை விற்றதா? அமெரிக்க மோட்டார்க் கைத்தொழில் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளம்பரத்தின் ஆற்றல் பற்றி, அதனைத் தொழிலாகக் கொண்டோரும் அதனைக் கண்டிப்போரும் ஏறத்தாழ ஒரே கருத்தினராக இருத்தல் விந்தையானது. எப்பண்டத்தையும் எவர்க்கும் விற்கத் தம்மால் இயலும் என்று விளம்பர நிறுவனத்தார் தம் வாடிக்கையாளரிடம் கூறுவர். முற்போக்குத் திறனாய்வாளர் பலர் அக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதனைக் குற்றச்சாட்டாக மாற்றி வழங்குகின்றனர். 1957இல் வெளிவந்த வான்ஸ் பக்கார்டின் நூல், உளவியல் உத்திகளால் நுகர்வோர் தாமறியாமலே ஆட்டுவிக்கப்படுகின்றனர் எனும் எண்ணத்தைப் பரவலாக்கியது. அடுத்த ஆண்டில் கல்பிரெய்த், தேவையை நிறைவுசெய்யும் உற்பத்தியே அத்தேவையையும் உண்டாக்குகின்றது என வாதிட்டார். கல்பிரெய்த்தின் வாதம் நுட்பமானது. அவரை எடுத்தாள்வோரின் வாதம் பெரும்பாலும் அத்தகையதன்று.

இவ்வெண்ணத்தை ஆராயாது ஏற்போமாயின், கார் வாங்கிய தொழிலாளி வெறும் பொம்மையாகிவிடுகின்றான். அவனது கூலி, அவன் பட்ட கடன், வீட்டிற்கும் வேலைத்தலத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஆகிய யாவும் ஆய்வாளனின் பார்வையினின்று மறைகின்றன. எனவே விளம்பரம் உண்மையில் எதனைச் செய்தது, எதனைச் செய்ய இயலாதிருந்தது என்பதை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு காண்பது அவசியமாகின்றது. விளம்பரத்திற்கு மிகுதியாகச் செலவிட்ட கைத்தொழில்களுள் ஒன்றான அமெரிக்க மோட்டார்க் கைத்தொழில் இதற்குத் தக்க களமாகும்.

1908 ஒக்டோபரில் ஹென்றி போர்ட் தமது 'மொடல் ரி' காரை வெளியிட்டபோது அதன் விலை சுமார் 850 டொலர். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை நிறுவப்பட்டது. 1916இல் விலை 360 டொலராகக் குறைந்தது. 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே சென்றது. இவ்விலைச் சரிவின் நடுவே, 1917 முதல் 1923 வரை, போர்ட் கம்பனி நாடளாவிய விளம்பரத்தை ஏறத்தாழ முற்றாகக் கைவிட்டிருந்தது என்பது ஊன்றி நோக்கற்பாலது. அவ்வாண்டுகளிலேதான், 1921இல், அமெரிக்கக் கார்ச் சந்தையின் பாதிக்கு மேற்பட்ட பங்கு போர்ட்டின் வசமாயிற்று. 1922இல் அதன் உற்பத்தி 10 இலட்சத்தைத் தாண்டியது. போர்ட்டின் முகவர்கள் தத்தம் ஊர்களில் தம் செலவிலேயே விளம்பரம் செய்தனர் என்பதையும், 1914இல் அறிவிக்கப்பட்ட நாளொன்றுக்கு ஐந்து டொலர் கூலி பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியவை காசு கொடாது கிடைத்த விளம்பரமே என்பதையும் இங்கு மறுக்கவேண்டியதில்லை. எனினும், விற்பனையின் அடித்தளம் விலையே.

இந்நிலை ஏன் மாறியது? கார் வாங்க இயன்றோருட் பெரும்பாலோர் 1920களின் நடுப்பகுதிக்குள் ஒரு காரை வாங்கிவிட்டனர். இனி விற்கவேண்டியது இரண்டாவது காரை. அல்லது பழையதை ஈடாகக் கொடுத்துப் புதியதை வாங்கச் செய்தல் வேண்டும். இதனை முதலில் உணர்ந்தது ஜெனரல் மோட்டோர்ஸ். அது 1919இலேயே தனக்கெனக் கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்திருந்தது. கடனை வெறுத்த போர்ட்டோ 1923இல் வேறொரு திட்டத்தை முன்வைத்தார்: வாரந்தோறும் ஐந்து டொலர் வீதம் செலுத்தி, முழு விலையும் சேர்ந்த பின்னரே காரைப் பெறலாம். இத்திட்டம் தோல்வியுற்றது. இன்றே காரைச் செலுத்திக்கொண்டு கடனை அடைக்கலாம் என்று எதிர்க்கடைக்காரன் கூறும்போது, காரில்லாமற் காசு சேர்ப்பவர் எவர்? ஈற்றில், 1928இல் போர்ட் கம்பனியும் கடன் நிறுவனம் ஒன்றை அமைக்கவேண்டியதாயிற்று.

1923இல் ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவரான அல்பிரட் ஸ்லோன், செவ்ரோலே தொடங்கிக் கடிலாக் ஈறாக, ஒவ்வொரு வருமான மட்டத்தினர்க்கும் ஒவ்வொரு கார் எனும் ஏணியை அமைத்தார். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றும் வழக்கமும் இக்காலத்தில் உருப்பெற்றது. விளம்பரத்தின் மொழி மாறியதும் இப்போதுதான். முன்னர் இயந்திரத்தின் வலுவையும் உறுதியையும் பேசிய விளம்பரங்கள், நிறத்தையும் அந்தஸ்தையும் அயலவரின் பார்வையையும் பேசத்தொடங்கின. அவை ஆசையை வெற்றிடத்தில் விதைக்கவில்லை. கடனும் ஏணியும் தயாராக இருந்த இடத்தில், எந்தப் படியில் ஏறுவது என்பதையே சொல்லிக்கொடுத்தன.

இம்மாற்றத்தின் சிகரமாகக் கருதப்படுவது 1923இல் ஜோர்டன் கம்பனியின் 'பிளேபோய்' காருக்கு வெளியான விளம்பரம். மேற்குச் சமவெளியில் காரோட்டிச் செல்லும் ஒரு பெண்ணைப் பற்றிய அச்சிறு உரைநடை, இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் கூறாதது. அமெரிக்க விளம்பரத்தின் வரலாற்றை எழுதுவோர் இதனைக் குறிப்பிடாமல் விடுவது அரிது. கம்பனியின் வரலாற்றை அவர்கள் அத்துணை ஆர்வத்துடன் கூறுவதில்லை. மிகச் சிறந்த ஆண்டுகளிலும் அதன் விற்பனை பெருங் கம்பனிகளுடன் ஒப்பிடத்தக்கதாய் இருந்ததில்லை; 1931இல் அது மறைந்தது.

1929இல் அமெரிக்காவில் சுமார் 53 இலட்சம் மோட்டார் வாகனங்கள் உற்பத்தியாயின. 1932இல் சுமார் 13 இலட்சம். இவ்வீழ்ச்சியை எவ்விளம்பரமும் தடுத்திலது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் நீல் போர்டன் 1942இல் வெளியிட்ட விரிவான ஆய்வும் இதற்கிசைவான முடிவையே தந்தது: பண்டங்களுக்கான தேவையின் அடிப்படைப் போக்கைச் சமூக, பொருளாதார நிலைமைகள் நிர்ணயிக்கின்றன, வளரும் தேவையின் வேகத்தை விளம்பரம் கூட்டலாம், தேயும் தேவையை அது நிறுத்துவதில்லை. விளம்பரச் செலவும் விற்பனையும் ஒருங்கே ஏறி இறங்குவதைக் காட்டி விளம்பரத்தின் வலிமையை நிறுவ முயல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கம்பனிகள் தாம் எதிர்பார்க்கும் விற்பனையைக் கணக்கிட்டே விளம்பரத்திற்குப் பணம் ஒதுக்குவது வழக்கம். ஆகவே எது காரணம், எது காரியம் என்பது புள்ளிவிபரத்தைப் பார்த்த மாத்திரத்திற் புலப்படுவதன்று.

பக்கார்டின் நூல் வெளிவந்த அதே 1957ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி, போர்ட் கம்பனி 'எட்செல்' காரை அறிமுகஞ் செய்தது. அவருடைய கொள்கைக்கு இதைவிடச் சிறந்த பரிசோதனையை எவரும் அமைத்திருக்க முடியாது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிலையத்தைக் கொண்டு பியோரியா, சான் பேர்னாடினோ ஆகிய இரு நகரங்களில் தலா 800 கார்க் கொள்வனவாளரின் மனப்பாங்கு ஆராயப்பட்டது. பெயர் தேடி மரியன் மூர் என்ற கவிஞரிடம் போயினர். அவர் தந்தவற்றுள் ஒன்றையும் ஏற்காது, ஹென்றி போர்ட்டின் மறைந்த மகனின் பெயரையே சூட்டினர். மாதக்கணக்கில் காரை மறைத்துவைத்து ஆவலைத் தூண்டும் விளம்பரங்கள் வந்தன. ஒக்டோபரில் பிங் குறொஸ்பியும் பிராங்க் சினாத்ராவும் தோன்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இடம்பெற்றது.

மக்கள் வந்தனர். காட்சியறைகளில் இலட்சக்கணக்கானோர் கூடினர். பார்த்தனர், திரும்பிச் சென்றனர். முதலாண்டில் 2 இலட்சம் கார்கள் விற்பனையாகும் என எதிர்பார்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையானவை சுமார் 63,000. 1959 நவம்பரில் உற்பத்தி கைவிடப்பட்டது. நட்டம் 25 கோடி டொலர் என்றும் அதற்கு மேலென்றும் மதிப்பிடப்பட்டது. முன்புறத் தோற்றத்தைப் பழித்துப் பல நகைச்சுவைகள் இன்றும் வழங்குகின்றன. அவற்றினும் முக்கியமானவை வேறு காரணங்கள். 1958இன் பொருளாதாரப் பின்னடைவில் நடுத்தர விலைக் கார்களின் சந்தையே சுருங்கியது. 1957இல் 61 இலட்சமாயிருந்த அமெரிக்கக் கார் உற்பத்தி 1958இல் 43 இலட்சத்திற்கும் கீழிறங்கியது. எட்செலின் விலை அதே கம்பனியின் 'மேர்க்குரி'யின் விலையோடு மோதியது. வேறு கார்களுக்கான பொருத்துவரிசைகளிலேயே இதனையும் இடைச்செருகித் தயாரித்தமையால் பழுதுகள் மலிந்தன. விளம்பரம் மக்களைக் கடைவாசல் வரை அழைத்துவந்தது. அதற்கப்பால் பேசவேண்டியவை காரும் பணப்பையும்.

இதே கம்பனி 1964 ஏப்பிரலில் வெளியிட்ட 'மஸ்ராங்' 2,400 டொலருக்குக் குறைந்த விலையில் முதல் 12 மாதங்களில் 4 இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று. உரத்த விளம்பரம் இரண்டிற்கும் பொதுவானது.

மறுதரப்பினர் தவறாது எடுத்துக்காட்டுவது வொக்ஸ்வாகனை. 1959இல் டோயில் டேன் பேர்ன்பாக் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய விளம்பரங்கள், காரின் சிறுமையையும் அழகின்மையையும் தாமே ஒப்புக்கொண்டு பேசின. அவற்றின் திறத்தை மறுத்தல் நேர்மையன்று. பெருங் கம்பனிகள் 1960ஆம் ஆண்டுக்கெனத் தமது சிறு கார்களை இறக்கியபோது வெளிநாட்டுக் கார்களின் விற்பனை வீழ்ச்சியுற்றது. வொக்ஸ்வாகன் மட்டும் தளராது வளர்ந்தது. அதில் விளம்பரத்திற்கும் பங்குண்டு. ஆயின், நாடளாவிய விளம்பரம் ஏதுமின்றியே அக்கார் 1959 அளவில் ஆண்டுக்குச் சுமார் 1,20,000 என்ற தொகையை எட்டியிருந்தது. குறைந்த விலை, சிக்கனமான எரிபொருட் செலவு, முகவர்தோறும் உதிரிப்பாகமும் பயிற்சிபெற்ற திருத்துநரும் இருக்கவேண்டுமென்ற கண்டிப்பு ஆகியவையே அவ்வெண்ணிக்கையை ஈட்டின.

அக்காருக்கு இதைவிடப் பழைய விளம்பரம் ஒன்றும் உண்டு. 1938இல் நாஸி ஜேர்மனியின் தொழிலாளர் முன்னணி, 990 மார்க் விலையில் மக்கள் கார் கிடைக்கும் என அறிவித்து, வாரந்தோறும் ஐந்து மார்க் வீதம் முத்திரை வாங்கி ஒட்டும் சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1923இல் போர்ட்டினால் விற்கமுடியாத அதே திட்டம்தான். ஆனால் இங்கு கடன் கொடுக்கும் போட்டியாளன் இல்லை, ஓர் அரசின் பிரசார இயந்திரம் முழுவதும் பின்னணியில் இருந்தது. 336,000க்கு மேற்பட்டோர் பணம் கட்டினர். யுத்தம் வந்தது, தொழிற்சாலை படையினருக்கான வாகனங்களைச் செய்தது. சேமித்தோருள் ஒருவர்க்கேனும் கார் கிடைக்கவில்லை. நீண்ட வழக்கின் பின்னர், 1961இல், அவர்கட்குப் புதிய வொக்ஸ்வாகன் ஒன்றின் விலையில் 600 மார்க் வரை கழிவு, அல்லது கையில் 100 மார்க் என்று இணக்கம் ஏற்பட்டது. பேர்ன்பாக்கின் விளம்பரங்கள் அட்லாந்திக்கின் மறுகரையில் பாராட்டுப் பெற்றுக்கொண்டிருந்த ஆண்டு அது.