தமிழ்ச் சமணர் பெயர்களும் அவற்றின் பொருளும்

பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அச்சொல்லே ‘பேரன்’ என மருவிற்று. இம்மரபினால்தான் ஆதிநாதன், பார்சுவநாதன், வர்த்தமானன், பாகுபலி முதலிய வடமொழிப் பெயர்கள் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் வழிவழியாக நிலைபெற்றன. பெயர் நிலைத்த அளவுக்கு அதன் பொருள் நினைவில் நிலைத்திருக்கிறதா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

‘வர்த்தமானன்’ என்பது வளர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ‘விருத்தி’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. இறைவன் கருவில் உற்ற நாள்தொட்டுச் சித்தார்த்த மன்னரின் இல்லத்தில் செல்வம் பெருகியமையால் இப்பெயர் அமைந்தது என்பர். மகாவீரரின் பிறிதொரு பெயராகிய ‘சன்மதி’ நல்லறிவினன் எனப் பொருள்படும். ‘அரிட்டநேமி’ என்பதில் ‘நேமி’ சக்கரத்தின் விளிம்பு. ‘அரிட்ட’ என்பது ஊறுபடாதது. ‘பாகுபலி’ தோள்வலி உடையவன். அத்தோளால் பரதனை வென்ற அந்நொடியிலேயே அவன் அரசைத் துறந்தான் என்பதை அறியும்போது அப்பெயர் மேலும் சிறக்கிறது.

இப்பெயர்கள் தமிழ் மண்ணில் தமிழ் ஒலியை ஏற்றன. ரிஷபன் இடபன் ஆனான். ஜினன் சினன் ஆனான். ஜீவகன் சீவகன் ஆனான். வடசொல் தமிழாகும் இம்முறைக்கு நன்னூலில் இலக்கணம் வகுத்தவர் பவணந்தி முனிவர். அவர் பெயரின் இறுதியிலுள்ள ‘நந்தி’ மகிழ்ச்சியைச் சுட்டும். நந்தி சங்கத்துத் துறவியர் பலர் பெயரில் இது காணப்படும்.

சில பெயர்கள் வடமொழியிலிருந்து நேரே வாராமல் பிராகிருதத்தின் வழியே வந்தன. ‘சத்திய’ என்பது பிராகிருதத்தில் ‘சச்ச’ ஆகும். ஆகவே சீவகனின் தந்தை சத்தியந்தரன், திருத்தக்கதேவரின் காப்பியத்தில் சச்சந்தன் எனப்படுகிறான். மதுரையை அடுத்த சமணர்மலை, ஆனைமலை முதலிய குன்றுகளில் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற ‘அச்சணந்தி’ என்னும் பெயரும் இத்தகையதே. ‘ஆரிய’ என்பது ‘அஜ்ஜ’ ஆகித் தமிழில் ‘அச்ச’ ஆயிற்று. வேர் அறியாதார் அதில் அச்சத்தைக் காண்பர். அறிந்தார் மேன்மையைக் காண்பர்.

ஓர் எழுத்தினால் பொருள் வேறாதலும் உண்டு. யாப்பருங்கலம் இயற்றியவரை அமிதசாகரர் என்றும் அமிர்தசாகரர் என்றும் எழுதுவர். முன்னது அளவில்லாத கடல். பின்னது அமுதக் கடல்.

இக்காலத்தில் அழைப்பதற்கு எளிது என்று ஈரெழுத்துப் பெயர்களைத் தேடும் பெற்றோர் பெருகியுள்ளனர். நெடும்பெயரை வீட்டில் சுருக்கி அழைப்பது பிழையன்று. எனினும் பள்ளிப் பதிவேட்டிலும் சுருக்கமே இடம்பெறுமாயின், இரண்டு தலைமுறைக்குப் பின் முழுப்பெயர் ஒருவர்க்கும் தெரியாமற்போம். ‘பெயரன்’ என்னும் சொல்லும் பொருளிழந்து நிற்கும்.

கற்பாறையில் பொறித்த அச்சணந்தியின் பெயர் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. பாறையில் பொறிக்க இயலாத பாட்டனார் பெயருக்குப் பேரனின் நாவே கல்வெட்டு. பெயர் சூட்டும் நாளிலேயே அதன் பொருளையும் குடும்பத்தார் ஓர் ஏட்டில் எழுதிவைத்து, பிள்ளை வளர்ந்தபின் படித்துக் காட்டுவாராயின், அம்மரபு அறாது தொடரும்.