கார்ணகி மண்டபத்தில் ஒலித்த மக்கள் இசை

1938ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இரவு, நியூயோர்க் நகரின் கார்ணகி மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஏறத்தாழ 2,800 பேர் அமரக்கூடிய அம்மண்டபம் ஐரோப்பியச் செவ்விசைக்குப் பேர்பெற்றது. அன்றோ, பருத்தி வயல்களிலும் சிற்றூர்த் தேவாலயங்களிலும் மதுச்சாலைகளிலும் பிறந்த இசை அங்கே முழங்கிற்று. அடிமைகளின் பக்திப் பாடலான 'ஸ்பிரிச்சுவல்' தொடங்கி, அக்கால ஜாஸ் நடன இசையான 'சுவிங்' வரை, கறுப்பின மக்களின் இசை வரலாற்றை ஒரே இரவில் எடுத்துக்காட்டுவதே அந்நிகழ்ச்சியின் நோக்கம்.

இதனை ஒழுங்கு செய்தவர் ஜோன் ஹமண்ட். வாண்டர்பில்ட் என்னும் கோடீசுவரக் குடும்பத்தின் வழிவந்தவராயினும், நிறவெறியை வெறுத்தவர். நிகழ்ச்சிக்கு ஆதரவு நல்கியது 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரி இதழ். தென் மாநிலங்களில் நிறப்பிரிவினை சட்டமாகவே நின்ற காலம் அது. அத்தகைய வேளையில் எடுத்த இம்முயற்சியை நாம் எளிதாக எண்ணிவிடுவதற்கில்லை.

இவ்விசை எந்த மண்ணில் முளைத்தது? மிஸிஸிப்பி ஆற்றோரக் கரிசல் நிலம் சொக்டோ என்னும் பழங்குடியினருக்கும் பிற குடியினருக்கும் உரியதாயிருந்தது. 1830ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஒன்றினால் மட்டும் சொக்டோ மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கே துரத்தப்பட்டனர். வெறுமையாக்கப்பட்ட நிலத்தில் பருத்தி பயிரிட, ஆபிரிக்க வழிவந்த அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் நிலம் பண்ணை முதலாளியிடமே தங்கிற்று. விடுதலை பெற்றவன் வாரக் குடியானவன் ஆனான். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கையில் கடனே அவனுக்கு மிஞ்சிற்று. 'புளூஸ்' என்னும் பாடல் வகை இந்தக் கடன் வாழ்வின் குரலேயாகும். நிலத்தை இழந்தவனும் உழைப்பை இழந்தவனும் ஒரே மண்ணில் நின்றவர்கள் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

அன்றைய மேடையில் தோன்றியோர் பலர். வட கரோலினாவிலிருந்து வந்த சனி டெரி என்னும் பார்வையற்ற கலைஞர் வாயிசைக் கருவியை வாசித்தார். றொசெட்டா தார்ப் அம்மையார் கித்தார் மீட்டித் தேவாலயப் பாடலை உலகியல் மேடைக்குக் கொண்டுவந்தார். கவுண்ட் பேஸியின் இசைக்குழு சுவிங் இசைத்தது.

ஆயினும் வந்தவர்களைப் போலவே வராதவர்களும் நம் கருத்துக்குரியவர்கள். நிகழ்ச்சி பெஸி ஸ்மித் அம்மையாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. புளூஸ் பாடகியருள் தலைசிறந்த அவர் 1937இல் மோட்டார் விபத்தில் மாண்டார். அவருடைய இசைத்தட்டுகள் பெருந்தொகையாக விற்பனையாயின. ஆனால் அவர் பெற்றது பாட்டொன்றுக்கு ஒருமுறைக் கூலி மட்டுமே. விற்பனையிற் பங்கு இல்லை. அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 1970இலேதான்! புகழ்மாலைக்கும் கல்லறைக் கல்லுக்கும் இடையே 32 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அழைக்க எண்ணியிருந்த மற்றொருவர் றொபேட் ஜோன்சன். வெறும் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938 ஓகஸ்டில், 27ஆம் வயதில் அவர் இறந்துபோனார். கார்ணகி மேடையில் அவருடைய இசைத்தட்டுகள் ஒலிக்கவிடப்பட்டன. ஆளில்லா மேடையில் குரல் மட்டும் பாடிற்று.

அவருக்குப் பதிலாக வந்தவர் பிக் பில் புறூன்ஸி. இவர் பல ஆண்டுகளாகச் சிகாகோவில் வாழ்ந்து, ஏராளமான இசைத்தட்டுகளை வெளியிட்ட நகரத்துக் கலைஞர். எனினும் அவையோருக்கு அவர் ஆர்க்கன்ஸோ மாநிலத்துக் குடியானவராகவே அறிமுகப்படுத்தப்பட்டார். இது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி. மக்கள் கலையைப் போற்ற வந்த நல்லெண்ணம் கொண்டோருங்கூட, மக்கட் கலைஞன் ஏரும் கையுமாகவே நிற்க வேண்டுமென்று விரும்பினர். அவன் நகரத்துத் தொழிலாளியாக, தன் தொழிலில் தேர்ந்தவனாக நிற்பதை அவர்கள் காணவில்லை. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேச எழுகின்ற எவரும் இப்பிழைக்கு ஆளாகலாம், நாமும் விலக்கல்ல.

இன்னொரு குறையும் உண்டு. ஆபிரிக்காவே இவ்விசையின் வேர் என அன்று காட்டப்பட்டது உண்மையே. ஆனால் அம்மண்ணின் பழங்குடியினர் பேசப்படவில்லை. அவர்களுடைய சடங்கு நடனங்களை 1883இல் அரசு விதிகள் குற்றமாக்கியிருந்தன. 1934இல்தான் அத்தடை தளர்ந்தது. சமயச் சுதந்திரத்தைக் காக்கும் தனிச் சட்டம் வந்தது 1978இல். இசையையே குற்றமாக்கியபின் மேடையில் அதன் குரலை எங்ஙனம் கேட்பது? ஐடஹோ மாநிலத்தின் கூர் டலீன் பழங்குடியிற் பிறந்த மில்ட்றட் பெய்லி அக்காலத்துப் புகழ்பெற்ற சுவிங் பாடகி. அவரையோ இரசிகர்கள் வெள்ளைப் பாடகியென்றே எண்ணினர். 2017இல் வெளிவந்த 'றம்பிள்' என்னும் ஆவணப்படம் போன்ற முயற்சிகளே இம்மறைவைப் பரவலாக நீக்கத் தொடங்கின.

தேவாலயப் பாட்டும் புளூஸும் ஒரே மேடையில் நின்ற அவ்விரவுக்குப் பின், 1950களில் றே சார்ள்ஸ் போன்றோர் அவ்விரண்டையும் ஒன்றாக உருக்கி 'சோல்' இசையை வார்த்தனர். இன்று பழங்குடி இசையும் புளூஸும் சோலும் ஒரே நிகழ்ச்சியில் கலப்பதைக் கேட்கிறோம். அக்கலப்பு புதுமையன்று, நிலப்பறிப்பும் அடிமைத்தனமும் ஒரே மண்ணில் நிகழ்ந்ததால் நூறாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய உறவு அது.

எனவே மக்கள் இசை மேடையேறும்போது நாம் கைதட்டுவதோடு அமையலாகாது. பாடியவனுக்கு உரிய கூலி சேர்ந்ததா? அவன் தன் உருவில் நின்றானா, நாம் விரும்பிய வேடத்தில் நின்றானா? யாருடைய நிலத்தில் நின்று அவன் பாடினான்? இவ்வினாக்களையும் மாணவர்க்குக் கற்பிக்கும் நாளில்தான் இசை வரலாறு மக்கள் வரலாறாகும்.