ஒல்லே ஹெல்பூம்: சுவீடன் பிள்ளைகளின் இயக்குநர்

ஒல்லே ஹெல்பூம் 1925 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே உள்ள மோர்க்கோ தீவில் பிறந்தார். 1957 முதல் 1981 வரை அவர் எடுத்த தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் கதைகள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய படங்கள் மட்டும் 17. லிண்ட்கிரனின் பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஹெல்பூமின் பெயரைச் சொந்த நாட்டிலேயே பலர் சட்டென்று சொல்லமாட்டார்கள். ஆனால் லிண்ட்கிரனின் கதைச் சிறுமி பிப்பி என்றதும் எந்த முகம் கண்முன் வருகிறது, அவருடைய இன்னொரு நாயகனான குறும்புச் சிறுவன் எமிலின் பண்ணை வீடு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் சுவீடன் மக்களின் மனத்தில் பதித்ததில் புத்தகங்களுக்கு உள்ள பங்கு அவருக்கும் உண்டு.

அவர் பணியாற்றிய காலத்தின் தொலைக்காட்சியை அறிந்தால்தான் இது விளங்கும். சுவீடனில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1956இல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, பார்வையாளர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் பொது நிறுவனம் ஒன்றே அதை நடத்தியது. 1969 டிசம்பரில் இரண்டாவது அலைவரிசை வரும்வரை நாடு முழுவதற்கும் ஒரே அலைவரிசைதான். ஒரு மாலையில் ஒரு குழந்தைத் தொடர் வந்தால், பெட்டி இருந்த வீடுகள் எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. பாட்டியும் பேத்தியும் ஒரே கதையைப் பார்த்தார்கள். மறுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அதையே பேசினார்கள்.

லிண்ட்கிரன் கதையில் ஹெல்பூம் முதலில் கைவைத்தது 1957இல், சிறுவன் துப்பறிவாளன் பிளூம்குவிஸ்டின் சாகசம் ஒன்றைத் திரைப்படமாக்கியபோது. 1959இல் 'ரகாரே!' வந்தது. பெரிய அமெரிக்கக் கார்களில் ஊர் சுற்றிய இளைஞர் கூட்டத்தைப் பற்றிய படம் அது. குழந்தைக் கதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்தத் திசையில் அவர் தொடர்ந்து போகவில்லை. அடுத்த ஆண்டே, மூன்று பண்ணை வீடுகளும் ஆறு பிள்ளைகளும் மட்டுமே உள்ள சிற்றூரின் கதையான 'புல்லர்பி'யை எடுத்துக்கொண்டார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1964இல் வந்த 'சால்ட்க்ரோக்கான்' தொடர். லிண்ட்கிரன் இதை நேராகத் தொலைக்காட்சிக்கென்றே எழுதினார். நாவல் அதன் பிறகுதான் வந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து மெல்கர் என்ற எழுத்தாளர், தாயில்லாத தன் நான்கு பிள்ளைகளுடன் கோடையைக் கழிக்கத் தீவுக்கூட்டத்தில் உள்ள ஒரு தீவுக்கு வருகிறார். மழை ஒழுகும் பழைய வீடு, அக்கம்பக்கத்து மீனவர்கள், கடைக்காரரின் மகள் ஷோர்வென், அவளுடைய பெரிய செயின்ட் பெர்னார்டு நாய் பூட்ஸ்மான்: 13 பகுதிகளுக்கும் கதைப் பொருள் இவ்வளவுதான். படப்பிடிப்பு நோர்ரெரா என்ற உண்மைத் தீவில் நடந்தது. அவசரமில்லாமல் ஒரு கோடையை அதன் போக்கிலேயே விரித்துக் காட்ட முடிந்தது, தொடர் என்ற வடிவம் தந்த வசதி. ஒன்றரை மணி நேரத் திரைப்படத்தில் அதற்கு இடமிருந்திராது.

ஷோர்வெனாக நடித்த மரியா யோஹான்சன் கதையின் நடுநாயகமானாள். குண்டுக் கன்னமும் தீர்மானமான குரலும் கொண்ட அந்தச் சிறுமி, பெரியவர்களை நிமிர்ந்து பார்த்து, 'மெல்கர் மாமா' என்று அழைத்து நியாயம் கேட்பாள். அழகுக்காகவோ துறுதுறுப்புக்காகவோ பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு அவள் எதிர்மாறு. ஹெல்பூமின் திறமை முதலில் வெளிப்பட்டது இந்தத் தேர்வில்தான் என்று சொல்ல வேண்டும். அவருடைய படங்களில் பிள்ளைகள் வசனத்தை ஒப்பிப்பதில்லை; கேமரா அவர்களின் கண்மட்டத்துக்கு இறங்கி, பேசி முடித்த பிறகும் ஒரு கணம் காத்திருக்கும். அதே பாத்திரங்களை வைத்து 1964 முதல் 1967 வரை நான்கு திரைப்படங்கள் தொடர்ந்து வந்தன.

அடுத்து வந்தது 'பிப்பி லோங்ஸ்ட்ரம்ப்'. 1945இல் புத்தகமாக வந்த இந்தக் கதையை 1949இல் வேறொருவர் படமாக்கியிருந்தார். அது லிண்ட்கிரனுக்குப் பிடிக்கவில்லை. இம்முறை திரைக்கதையை அவரே எழுதினார். செலவு அதிகம் என்பதால் சுவீடனும் மேற்கு ஜெர்மனியும் கூட்டாகத் தயாரித்தன. பிள்ளைகளை விரட்டும் சமூகநல அம்மையார் பிரிசேலியஸாக மார்கோட் டிரோகர், திருடர்களில் ஒருவனாக ஹன்ஸ் கிளாரின் என்று ஜெர்மானிய நடிகர்களும் இடம்பெற்றார்கள். அவர்களின் பேச்சுக்கு சுவீடிய மொழியில் குரல் கொடுக்கப்பட்டது. ஏராளமான சிறுமிகளைப் பார்த்த பிறகு இங்கர் நில்சன் பிப்பியாகத் தேர்வானாள். பக்கத்து வீட்டு அண்ணன் தங்கையாக பேர் சுந்த்பெரியும் மரியா பெர்சனும் நடித்தார்கள்.

படப்பிடிப்பு பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்து தீவில், மதில் சூழ்ந்த பழைய நகரமான விஸ்பியில் நடந்தது. பிப்பியின் வீட்டுக்கு அந்த நகரின் படைமுகாம் பகுதியில் இருந்த மர வீடு ஒன்று பயன்பட்டது. பிப்பியின் வெள்ளைக் குதிரையின் உடலில் கரும்புள்ளிகள் வண்ணத்தால் தீட்டப்பட்டன. தொடக்கப் பாடலுக்கு இசையமைத்தவர் ஜாஸ் பியானோ கலைஞர் யான் யோஹான்சன், வரிகள் லிண்ட்கிரனுடையவை. 1968 நவம்பரில் யோஹான்சன் கார் விபத்தில் இறந்துபோனார். 1969 பிப்ரவரியில் தொடர் ஒளிபரப்பாகி அந்த மெட்டு நாடெங்கும் ஒலித்தபோது, அதை உருவாக்கியவர் உயிருடன் இல்லை.

தொடர் வண்ணத்தில் படமாக்கப்பட்டது. ஆனால் சுவீடனில் முறையான வண்ண ஒளிபரப்பு 1970 ஏப்ரலில்தான் தொடங்கியது. எனவே பிப்பியின் செம்பட்டைப் பின்னல்களையும் வேறுவேறு நிறக் காலுறைகளையும் முதல் பார்வையாளர்களில் பெரும்பாலோர் கறுப்பு வெள்ளையில்தான் கண்டார்கள். ஜெர்மனியில் அதே காட்சிகள் வேறு விதமாக வெட்டப்பட்டு 13 பகுதிகள் 21 ஆயின. தொடரின் காட்சிகளைத் தொகுத்துத் திரையரங்குப் படங்கள் செய்தார்கள். 1970இல் புதிதாக இரண்டு படங்களும் எடுத்தார்கள். தொலைக்காட்சியையும் திரையரங்கையும் இப்படி ஒன்றுக்கொன்று உதவச் செய்த ஏற்பாடுதான் சின்ன நாடு ஒன்றில் இவ்வளவு கவனத்தோடு குழந்தைப் படைப்புகள் உருவாகப் பொருளாதார அடிப்படையாக இருந்தது.

எமில் கதைகளில் இந்த வரிசை தலைகீழானது. 1971, 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வந்தன. பிறகு அவையே தொலைக்காட்சித் தொடராயின. களம் லிண்ட்கிரனின் சொந்த மண்ணான ஸ்மோலாந்து. கிப்பெரிட் என்ற ஊரில் இருந்த பண்ணை எமிலின் வீடாயிற்று. குறும்பு செய்துவிட்டு விறகுக் கொட்டகையில் அடைக்கப்பட்டு, அங்கே மரப் பொம்மை செதுக்கும் சிறுவனாக யான் ஊல்சன். கத்திக்கொண்டே துரத்தும் தந்தையாக ஆலன் எட்வால். எட்வாலின் கோபத்துக்கு அடியில் பாசமும் பணக் கவலையும் தெரியும். சூப் பாத்திரத்தில் தலை மாட்டிக்கொள்ளும் காட்சியை நினைத்துச் சிரிப்பவர்கள், அதே கதையில் ஏழைகள் விடுதி முதியவர்களின் பசியும் காட்டப்படுவதை மறந்துவிடக்கூடாது. ஹெல்பூம் அழகிய கிராமத்தை மட்டும் காட்டினார் என்ற குறை அதனால் முழுவதும் சரியல்ல. ஜார்ஜ் ரீடெல் இசையமைத்த எமில் பாடல்களைச் சுவீடன் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள்.

1974இல் கூரைமேல் வாழும் குண்டு மனிதன் கார்ல்சனின் கதை வந்தது. முதுகில் விசிறி சுழல மனிதன் பறப்பதை அன்றைய தந்திரக் காட்சிகளால் நம்பும்படி காட்ட முடியவில்லை. ஹெல்பூமின் பலவீனமான படங்களில் அது ஒன்று. அதில் சிறுவனாக நடித்த லார்ஸ் சோடர்டாலை 1977இல் 'சிங்கநெஞ்சச் சகோதரர்கள்' படத்துக்கும் அழைத்தார். இறந்த இரு சகோதரர்கள் மறுவுலகில் கொடுங்கோலனை எதிர்க்கும் இந்தக் கதை அவர் செய்தவற்றில் மிகவும் இருண்டது. ஐஸ்லாந்திலும் தென்சுவீடனின் புரோசார்ப் குன்றுகளிலும் படமாக்கினார்கள். படம் 1978 பெர்லின் திரைப்பட விழாவில் போட்டியிட்டது. ஹெல்பூமுக்குச் சுவீடனின் குல்ட்பாகே இயக்குநர் விருதும் கிடைத்தது. படத்தில் வரும் டிராகனின் செய்நேர்த்தி இன்று பழசாகத் தெரிந்தாலும், சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் கூசாமல் பேசிய துணிவு பழசாகவில்லை.

கடைசிப் படம் 1981இல் வந்த 'நாடோடி ராஸ்முஸ்'. அநாதை விடுதியிலிருந்து ஓடும் சிறுவனும் அவனைச் சேர்த்துக்கொள்ளும் நாடோடியும் பற்றிய இந்தக் கதையை 1955இல் ரோல்ஃப் ஹஸ்பெரி ஒருமுறை எடுத்திருந்தார். ஹெல்பூமின் படத்தில் நாடோடி ஆஸ்கராக ஆலன் எட்வால் மீண்டும் வந்தார். படம் வெளியான சில மாதங்களில், 1982 ஜூன் 5 அன்று, ஹெல்பூம் 56 வயதில் இறந்தார். லிண்ட்கிரனின் 'ரோன்யா' 1984இல் டாகே டானியல்சன் இயக்கத்திலும், புல்லர்பி கதைகள் 1986 முதல் லாசே ஹால்ஸ்ட்ரோம் இயக்கத்திலும் வந்தன.

ஹெல்பூமின் தொடர்கள் தொடர்ந்து மறு ஒளிபரப்பாகின்றன. பிப்பியின் மர வீடு விஸ்பிக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எமிலின் பண்ணைக்கும் பயணிகள் வருகிறார்கள். 2014இல் சுவீடன் தொலைக்காட்சி பிப்பி தொடரில் இரண்டு மாற்றங்கள் செய்தது. தந்தையைக் கறுப்பர்களின் அரசன் என்று இழிவான சொல்லால் பிப்பி குறிப்பிடும் இடத்தில் 'அரசன்' மட்டும் நின்றது; கண்களை இழுத்துச் சீனரைப்போல் பாவனை செய்யும் காட்சி நீக்கப்பட்டது. லிண்ட்கிரனின் வாரிசுகள் அதற்கு இசைந்தார்கள். கலைப்படைப்பைத் திருத்தலாமா என்று பத்திரிகைகளில் கடும் விவாதம் நடந்தது. சிறு பிள்ளையும் புரிந்துகொள்ளும் தொடரில், அந்தச் சொல் புண்படுத்தும் பிள்ளையும் பார்வையாளர்தான் என்பதே மாற்றத்தை ஆதரித்தவர்களின் வாதம். 45 ஆண்டுகளுக்கு முந்தைய தொடரை அப்போதும் புதிய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்த விவாதமே எழுந்தது.