பாடிகாவல்

'பாடி' என்றால் குடியிருப்பு, ஊர். ஊரைக் காக்கும் வேலை, அதற்கு ஊரார் கொடுக்கும் வரி, அந்த வரியைத் தண்டும் உரிமை மூன்றுக்குமே பாடிகாவல் என்றுதான் பெயர். சோழர் கல்வெட்டுகளிலேயே இச்சொல் உண்டு. சோழப் பேரரசு தளர்ந்த பிறகு, புதுக்கோட்டை வட்டாரத்தில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையை உள்ளூர்த் தலைவர்களான அரையர்களுக்கு விற்றிருக்கிறார்கள். விலை பேசி, விளைச்சலில் பங்கும் தருவதாகக் கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள்.

பாதுகாப்பையும் சந்தைப் போட்டிக்கு விடலாம் என்று 1849-இல் பிரெஞ்சு மொழியில் எழுதினார் பொருளியலாளர் குஸ்தாவ் து மொலினாரி. அவர் விரும்பிய ஏற்பாட்டின் சாயல் இந்தப் பாடிகாவல் விற்பனையில் தெரிகிறது. பிற்காலக் காவல் முறையில் மாடு களவுபோனால் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும். இன்றைய போலீசுக்கு இல்லாத பொறுப்பு அது, மதிக்கத்தக்கது.

ஆனால் காவல்கூலி தர மறுத்தவர் வீட்டில் களவு போவதும் நடந்தது. போன மாட்டைத் திரும்பப் பெறத் 'துப்புக்கூலி' என்று தனியாக அழவேண்டியிருந்தது. இவர் வேண்டாம், வேறு காவல்காரரை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஊராருக்கு எளிதில் வழி இல்லை. மொலினாரி நம்பிய போட்டி இங்கேதான் அடிபட்டுப்போகிறது. பாடிகாவலை வாங்கிய அரையர்கள் பலர் நாளடைவில் அந்தந்த வட்டாரத்தின் ஆட்சியாளர்களாகவே ஆனார்கள்.