தராசில் வைத்தவர் யார்?

வகுப்பறையில் ஒருநாள் திமிங்கிலம் என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். திமி என்பது ஒரு பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்க வல்லது திமிங்கிலகிலம். வடமொழியாளர் கடலின் ஆழத்தை எண்ணி எண்ணி அடுக்கிய இச்சொற்கள் நமது அகராதிகளிலும் ஏறிவிட்டன. கற்பனை ஒருபுறம் இருக்க, உலகில் தோன்றிய உயிர்கள் அனைத்திலும் நீலத் திமிங்கிலத்தை மிஞ்சியதாக நாம் அறிந்தது ஒன்றுமில்லை என்றும், அதன் நிறை முப்பது யானைகளின் நிறைக்கு ஈடாகும் என்றும் சொல்லிவைத்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அதை ஆர் சேர் தராசில வைச்சு நிறுத்தது?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது எவ்வளவு நீளம், எவ்வளவு நிறை, என்ன உண்கிறது, குட்டி எவ்வளவு பெரியது, எத்தனை வயது வாழ்கிறது? எவரும் கேட்கும் கேள்விகள்தாம் இவை. விடைகளும் பொது அறிவு நூல்களில் வரிசையாக அச்சாகியுள்ளன. அவ்விடைகள் எங்கே பிறந்தன என்று தேடிச் சென்றபோதுதான் அது ஒரு தனி வரலாறு என்பதை உணர்ந்தேன்.

நெடுங்காலம் இந்தப் பிராணியை மனிதன் முழுதாகக் கண்டதே அரிது. 1692ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் போர்த் கழிமுகத்தில் ஒன்று கரையொதுங்கியது. ரொபேட் சிபால்ட் என்னும் மருத்துவர் அதனை அளந்து எழுதிவைத்தார். 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அதற்கு இட்ட பெயரில் 'மஸ்குலஸ்' என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. அச்சொல்லைத் தசை என்றும் கொள்ளலாம். சின்னஞ்சிறு எலி என்றும் கொள்ளலாம். உலகின் மாபெரும் உயிருக்குச் சுண்டெலி என்று பெயர் சூட்டி அப்பெரியார் வேடிக்கை பார்த்தாரோ என்று ஐயுறுவோர் உளர். தமிழாசிரியனான எனக்குச் சிலேடையின் பக்கமே மனம் சாய்கிறது.

வேட்டைக்காரரும் அதனை அண்டவில்லை. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மொபி டிக்' நாவலில் 'கந்தக வயிற்றுத் திமிங்கிலம்' என்ற பெயரில் அது சில வரிகளில் வந்து போகிறது. அதனை யாரும் துரத்துவதில்லை என்பதே அங்கு சொல்லப்படும் செய்தி. காரணம் எளியது. துடுப்புப் படகால் எட்ட முடியாத வேகம் அதற்கு உண்டு. தப்பித் தவறிக் கொன்றாலும் உடல் நீரில் அமிழ்ந்துவிடும். வேகமும் கனமும் அதற்குக் கவசமாக இருந்தன.

அந்தக் கவசத்தை உடைத்தவர் ஸ்வென் போய்ன் என்னும் நோர்வீஜியக் கப்பற்காரர். 1860களில் நீராவியால் ஓடும் வேட்டைக் கப்பலைக் கட்டினார். பீரங்கியில் வைத்துச் சுடும் எறியீட்டியின் நுனியில் வெடிகுண்டைப் பொருத்தினார். 1870இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கொன்ற உடலுக்குள் காற்றை ஊதி மிதக்க வைக்கும் வித்தையும் பழக்கத்துக்கு வந்தது. அவருடைய கப்பலின் பெயர் 'ஸ்பெஸ் எத் பிதெஸ்'. நம்பிக்கையும் விசுவாசமும் என்பது பொருள். 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 2017 முதல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெருமண்டபத்தில் தொங்குகிறது. அதற்கும் 'நம்பிக்கை' என்றுதான் பெயரிட்டிருக்கிறார்கள். கொன்ற கப்பலுக்கும் எஞ்சிய எலும்புக்கும் ஒரே பெயர் வாய்த்ததை என்னவென்பது!

வட கடல்களில் திமிங்கிலம் அருகவே, வேட்டைக்காரர் தெற்கே திரும்பினர். 1904இல் கார்ல் அன்ரன் லார்சன் தென் ஜோர்ஜியாத் தீவில் கிரித்விக்கன் நிலையத்தை அமைத்தார். திமிங்கில எண்ணெய் முதலில் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் போயிற்று. எண்ணெயைக் கட்டிக் கொழுப்பாக்கும் இரசாயன முறை வந்தபின் ஐரோப்பியரின் பாணில் பூசும் மாஜரீனாயிற்று. முதலாம் உலகப் போரில் அதிலிருந்து பெற்ற கிளிசரின் வெடிமருந்துக்கும் உதவியது. 1925இல் பின்புறத்தில் சறுக்குத்தளம் கொண்ட 'லான்சிங்' என்ற தொழிற்சாலைக் கப்பல் கடலில் இறங்கியதும் கரையே தேவையற்றுப் போயிற்று. திமிங்கிலத்தை வால்வழியே மேல்தளத்துக்கு இழுத்து, அங்கேயே உரித்து, அங்கேயே காய்ச்சினர். 1930-31 வேட்டைப் பருவம் ஒன்றில் மட்டும் கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 29,000க்கும் அதிகம்.

இனி மாணவனின் தராசுக்கு வருவோம். 1920களில் தென் ஜோர்ஜியாவின் ஸ்ட்ரோம்னெஸ் துறையில், 27 மீற்றர் நீளமான ஒரு பெண் திமிங்கிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நிறுத்துக் கூட்டினார்கள். மொத்தம் 122 தொன். நாக்கு மட்டும் மூன்று தொன்னுக்கு மேல். பின்னாளில் 190 தொன் என்ற கணக்கும் வந்தது. அதுவும் வேட்டைக் கப்பலிலிருந்தே வந்தது. ஆகவே தம்பியின் கேள்விக்கு விடை இதுதான்: கொன்றவனே நிறுத்தான்.

மற்ற விடைகளும் அவ்வழியே வந்தன. பிரித்தானியர் 1925இல் தொடங்கிய 'டிஸ்கவரி' ஆய்வுகளுக்குப் பணம் தந்தது திமிங்கில எண்ணெய்மீது விதித்த வரி. மக்கின்ரொஷ், வீலர் என்னும் இரு விஞ்ஞானிகள் தென் ஜோர்ஜியாவிலும் தென்னாபிரிக்காவின் சல்தானா விரிகுடாவிலும் இரத்தச் சேற்றில் நின்று 1,600க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களை அளந்தார்கள். அவர்களின் பெருநூல் 1929இல் வெளிவந்தது. இரைப்பையைத் திறந்து பார்த்து, கிறில் எனப்படும் சிறு இறால்வகையே அதன் உணவு என்றார்கள். கருப்பையைத் திறந்து, மாதந்தோறும் கிடைத்த சிசுக்களின் நீளத்தை ஒப்பிட்டுக் கர்ப்பகாலத்தைக் கணித்தார்கள். குட்டி ஏழு மீற்றர் நீளத்தோடு பிறக்கிறது, தாய் ஏறத்தாழ ஓராண்டு சுமக்கிறாள் என்று நாம் வியப்போடு வாசிக்கும் செய்திகளின் வேர், பிறவாமலே போன அந்தக் குட்டிகளில் இருக்கிறது. இதை அறிந்தபின் அந்த வரியை முன்போல வாசிக்க என்னால் முடியவில்லை.

வயதைக் கண்ட கதை விசித்திரமானது. 1955இல் பேவ்ஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர், திமிங்கிலத்தின் செவிக்குள் திரண்டு இறுகிக் கிடக்கும் குறும்பியில் மர வளையங்களைப் போல் படைகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். அப்படைகளை எண்ணி வயது சொல்லலாம். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் அது வாழக்கூடும் என்கிறோம். ஆனால் அந்த வயதை எட்ட விட்டார்களா?

விடவில்லை. அக்காலத்து ஏற்பாடு ஒன்றைச் சொன்னால் நிலைமை விளங்கும். ஒவ்வோர் இனத்துக்கும் தனி வரம்பு வையாமல், 'நீலத் திமிங்கில அலகு' என்று ஓர் அளவை வைத்திருந்தார்கள். ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலத்துக்குச் சமம். ஆறு சேய்த் திமிங்கிலத்துக்குச் சமம். எண்ணெய்ப் பீப்பாவை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரு குண்டுக்கு ஓர் அலகு முழுதாகக் கிடைக்குமென்றால் வேடன் எதைத் தேடுவான்? 1946இல் சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரும் இந்த அளவை 1972 வரை நீடித்தது. அந்தாட்டிக் கடலில் வேட்டைக்கு முன்னர் 239,000 அளவில் இருந்த நீலத் திமிங்கிலங்கள், 1970களின் தொடக்கத்தில் சில நூறுகளாகத் தேய்ந்திருந்தன என்பது ஆய்வாளர் கணிப்பு. 1966இல்தான் முழுப் பாதுகாப்பு வந்தது.

வந்ததா? கடதாசியில் வந்தது. ஒடெசாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட சோவியத் தொழிற்சாலைக் கப்பல்கள் சுயஸ் கால்வாய் வழியே அந்தாட்டிக்குக்குப் போகும் பாதையில், அரபிக்கடலிலும் அதனைச் சூழ்ந்த வட இந்து சமுத்திரத்திலும் 1963க்கும் 1966க்கும் இடையில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. நம் அயற்கடல் அது, நமக்குத் தெரியாது. உலகுக்கும் தெரியாது. ஆண்டுத் திட்டத்தின் இலக்கை எட்டினால் வெகுமதி. ஆணையத்துக்கு அனுப்பிய கணக்கு வேறு. கூனல் திமிங்கிலத்தில் 2,710 என்று எழுதிக் கொடுத்த இடத்தில் உண்மை 48,000ஐத் தாண்டும். பாதுகாப்பு வந்த பின்னரும், 1972இல் வெளிநாட்டுப் பார்வையாளர் கப்பல்களில் ஏறும்வரை இந்தக் களவு ஓயவில்லை.

1993இல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சி யப்லொகொவ் இதைப் பகிரங்கப்படுத்தினார். அப்போது ஒருவர் பின் ஒருவராகப் பழைய கப்பல் விஞ்ஞானிகள் தாங்கள் மறைத்து வைத்திருந்த உண்மைக் குறிப்புகளோடு முன்வந்தனர். அவர்களுள் தொர்மொசொவ் என்பவர், 57,000க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களின் பதிவுகளைத் தமது வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் காத்துவைத்திருந்தார். பரணில் ஏட்டுச்சுவடி காத்தவர்களை அறிந்த நமக்கு இந்த மனிதர் அந்நியராகத் தோன்றமாட்டார். தம் அரசு வெளியிட்ட கணக்கு பொய் என்று தெரிந்தும் வாய்திறக்க முடியாத ஒருவர், என்றோ ஒருநாள் எவரோ கேட்பார் என்று கிழங்கோடு கிழங்காய் உண்மையைப் புதைத்துவைத்தார்.

கத்தியில்லாமல் இந்த உயிரை அறியும் முயற்சி பிறந்த இடங்களுள் நமது திருகோணமலையும் ஒன்று என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனமாயிற்று. அதையொட்டி வந்த 'துலிப்' என்னும் சிறு ஆய்வுப் படகு, கரைக்கு அருகே ஆழ்கடற் பள்ளம் கொண்ட திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைக் கண்டது. 1984இல் அங்கு அவற்றின் பாட்டைப் பதிவுசெய்தார்கள். பெரும்பாலும் நம் செவிக்கு எட்டாத அளவு தாழ்ந்த குரல். பதிவை வேகமாக ஓட்டினால் நன்றாகக் கேட்கும். வேறு சமுத்திரத்துத் திமிங்கிலங்களின் பாட்டு வேறு. இந்தக் கடலின் பாட்டு வேறு. யாழ்ப்பாணத்தாரையும் மட்டக்களப்பாரையும் வாய்திறந்ததும் இனங்காண்பது போல, இன்று பாட்டைக் கேட்டே எந்தக் கூட்டம் என்று பிரிக்கிறார்கள். 1983க்குப் பின் மூண்ட போர் அந்தக் கடலையும் நெடுங்காலம் மூடிவிட்டது. ஆய்வுப் படகுகள் திரும்பிப் போயின. மீனவர் கரைவலையோடு பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

நம் கடலின் நீலத் திமிங்கிலம் அந்தாட்டிக் உறவினரைவிடச் சிறியது. குளிர்கடலுக்கு வலசை போகாமல் இந்த வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்கிறது. பழைய நூல்கள், திமிங்கிலம் குளிர்கடலில் உண்டு வெப்பக்கடலில் பட்டினி கிடக்கும் என்றுதான் பொதுவாக எழுதின. 2003இல் இலங்கைக் கடலில் ஒரு திமிங்கிலக் கூட்டத்தினிடையே செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்ட நமது நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ், உண்ணாத உயிர் கழிக்குமா என்று யோசித்தார். நூலுக்கு மாறாக நின்றது மலம்! பின்னர் இங்கு அவற்றின் உணவு கிறிலைவிடப் பெரும்பாலும் வேறொரு சிற்றிறால் வகை என்பதும் தெரியவந்தது.

இப்போது அவற்றுக்கு எமன் எறியீட்டியல்ல. தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பற்பாதைகளுள் ஒன்று ஓடுகிறது. அவை மேயும் இடமும் அதுவே. 2012இல் கொள்கலக் கப்பலொன்று, முகப்பில் சிக்கிய நீலத் திமிங்கிலத்தின் உடலோடு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல்களை 15 கடல்மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. பாதை முழுவதையும் அதிகாரபூர்வமாகத் தள்ளிவைக்கும்படி ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

பழைய விடைகள் சில இக்காலத்தில் திருத்தப்பட்டும் விட்டன. இதயம் ஒரு மோட்டார்காரின் அளவு, நாளத்தினுள்ளே குழந்தை தவழ்ந்து போகலாம் என்று நானும் மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். 2014இல் கனடாவின் நியூபவுண்லாந்தில் ஒதுங்கிய ஒன்றின் இதயத்தைப் பதப்படுத்தி ரொறொன்ரோ அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அது 180 கிலோ அளவே. 2019இல், உயிருள்ள ஒன்றின் தோலில் ஒட்டிய கருவி, ஆழத்தில் அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டே தடவைகூட அடிப்பதைக் காட்டியது. ஒரு நாளைக்கு நான்கு தொன் உண்ணும் என்று நெடுங்காலம் எழுதினோம். 2021இல் வெளியான ஆய்வு, வட பசுபிக்கில் அது பதினாறு தொன்வரை உண்பதாகச் சொல்கிறது.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப நிறுக்கிறதில்லையோ சேர்?" என்றான்.

மேலே ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டு, நீந்தும் திமிங்கிலத்தைப் படமெடுத்து, நீள அகலத்திலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள் என்றேன்.

"வெட்டாமலோ?"

"வெட்டாமல்தான்."

கொப்பியைத் திறந்து, போன கிழமை எழுதிய முப்பது யானைக் கணக்கின் பக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டான்.