பங்கீட்டுக் காலத்துப் பாற்கட்டி

1941ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானிய உணவு அமைச்சு பாற்கட்டியையும் பங்கீட்டுப் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. முதலில் விதிக்கப்பட்ட அளவு ஆளொருவருக்கு வாரமொன்றுக்கு ஒரு அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். ஒரு நெருப்புப்பெட்டியின் பருமனுக்கு மேற்படாது. ஏழு நாளுக்கும் அவ்வளவே. ஆனால் அதே நாட்டிலே நிலக்கரிச் சுரங்கத்தின் அடியிற் பணிபுரிந்தவனுக்கும் வயலில் உழைத்த கூலியாளுக்கும் பன்மடங்கு கூடுதலாகப் பாற்கட்டி அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் அவர்களுக்குரிய அளவு வாரத்துக்கு 12 அவுன்சாக இருந்தது. பணம் படைத்தவன் கேட்டாலும் கிடையாத ஒன்று சுரங்கத் தொழிலாளிக்கு உரிமையாகக் கிடைத்தமை அந்நாட்டு வரலாற்றில் முன்பு பெரிதும் காணப்படாத புதுமையாகும். இப்புதுமைக்குக் காரணம் யாது என்று ஆராய்வோமாயின், நாள்தோறும் உண்ணும் உணவில் பாற்கட்டிக்குள்ள இடமும் தெளிவாகும்.

சீஸ் என்று பலரும் வழங்கும் பாற்கட்டி நம்மவரின் பழைய உணவு அன்று. நம் நாட்டில் பால் மிகுந்தால் அதைத் தயிராகத் தோய்ப்பர். தோய்த்த தயிரை ஓரிரு நாளில் உண்டு தீர்ப்பர். திரிந்த பாலைக் கொட்டிவிடுவர். குளிர் நாடுகளின் நிலை வேறு. அங்கே இளவேனிலிலும் கோடையிலும் புல் செழிக்கும்போது பால் பெருகும். பனிக்காலத்திலோ மாடுகள் வற்றிவிடும். கோடைப் பாலைப் பனிக்காலத்துக்கு எடுத்துச் செல்ல வழி வேண்டியிருந்தது. அவ்வழியே பாற்கட்டி. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளைப் பாலிலே கலந்தால் பால் இறுகும். இறுகியதை வெட்டி, நீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் முதிரவைப்பர். ஒரு கலன் பால் ஏறத்தாழப் பத்து இறாத்தல் நிறையுடையது. அதிலிருந்து கிடைக்கும் செடார் வகைப் பாற்கட்டியோ ஓர் இறாத்தலளவே.

எஞ்சிய ஒன்பது இறாத்தலும் எங்கே போயின? பெரும்பகுதி வெறும் நீர். அந்நீரோடு பாலிலுள்ள சர்க்கரையும் வடிந்துவிடுகின்றது. கட்டியிலே தங்குபவை புரதமும் கொழுப்பும் கல்சியமும். செடார் பாற்கட்டியில் காற்பங்கு புரதம். மூன்றிலொரு பங்கு கொழுப்பு. ஓர் அவுன்சில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கல்சியமும் ஏழு கிராம் புரதமும் நூற்றுக்கு மேற்பட்ட கலோரியும் அடங்கியுள்ளன. விற்றமின் ஏயும் உண்டு. விற்றமின் சீயும் நார்ப்பொருளும் இல்லை. ஆகவே பாற்கட்டியும் பாணும் மட்டுமே உண்டு நலமாக வாழலாமென எண்ணுதல் தவறு. மற்றொரு நுட்பமும் இங்கே கருதத்தக்கது. உறைபொருளிட்டுச் செய்யும் கட்டியிலே கல்சியம் பெரிதும் நிலைத்துநிற்க, புளிப்பினால் மட்டும் திரியவிட்டுச் செய்யும் மென்கட்டியிலே அதிற் பெரும்பகுதி நீரோடு போய்விடும். பாற்கட்டி என்ற ஒரே பெயரைத் தாங்கினும் இரண்டும் உணவுப் பயனில் ஒன்றல்ல. முதிர்ந்த கட்டியில் பாற்சர்க்கரை அநேகமாக இல்லாமற் போவதனால், பால் குடித்தால் வயிறு பொருமும் இயல்புடையோர் பலரும் அதனைத் துன்பமின்றி உண்ண இயலும்.

இவற்றையெல்லாம் அறியாத காலத்திலேயே ஆங்கில நாட்டு ஏழையின் உணவு பாணும் பாற்கட்டியும் மதுநீரும் என அமைந்திருந்தது. டியூடர் மன்னர் காலத்தில் பாலுணவுகளை 'வெள்ளை இறைச்சி' என்று வழங்கினர். இறைச்சி வாங்க இயலாதவனின் இறைச்சி என்பது அதன் உட்பொருள். செல்வர் அதை இகழ்ந்தனர். எனினும், பாற்கட்டியிலும் உயர்வு தாழ்வு உண்டாகாமலில்லை. சாமுவேல் பீப்ஸ் என்பார் கடற்படை நிருவாகத்தில் உயர்பதவி வகித்தவர். தம் நாட்குறிப்பினால் உலகறிந்தவர். அவர் வீட்டுப் பணியாளர் சஃபோக் பாற்கட்டியை உண்ண மனமின்றி முணுமுணுத்ததனையும், அதனால் அவர் மனைவி எரிச்சலுற்றதனையும் 1661ஆம் ஆண்டுக் குறிப்பில் காண்கின்றோம். 1666இல் இலண்டனில் பெருந்தீ பரவியபோதோ, அவர் தமது இத்தாலியப் பார்மிசான் பாற்கட்டியைத் தோட்டத்திலே குழிதோண்டிப் புதைத்துக் காத்தார். ஒரே வீட்டில் பணியாளர் வெறுத்த பாற்கட்டியும் இருந்தது. எசமானர் பொன்போற் புதைத்த பாற்கட்டியும் இருந்தது.

சஃபோக் பாற்கட்டி அவ்வளவு இழிவடைந்தமைக்குக் காரணம் எளிது. அப்பகுதிப் பண்ணையாளர் ஏட்டை முழுவதும் எடுத்து வெண்ணெயாக்கி இலண்டனுக்கு விற்றனர்; மிஞ்சிய பாலிலே பாற்கட்டி செய்தனர். கொழுப்பற்ற கட்டி கல்லாய் இறுகியது. கெடாது, மலிவானது என்ற இரு காரணங்களால் கடற்படை அதனை வாங்கி மாலுமிகளுக்கு அளித்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாலுமி ஒருவனுக்கு வாரந்தோறும் விதிக்கப்பட்ட பாற்கட்டி 12 அவுன்ஸ். கத்தியும் நுழையாத கட்டியைக் குறித்து மாலுமிகள் முறையிட்டுக்கொண்டேயிருந்தனர். இறுதியில் 1758இல் கடற்படை சஃபோக் கட்டியைக் கைவிட்டு, ஏடு நீக்காத பாலிற் செய்த செஸ்சயர், குளொஸ்டர் வகைகளை வாங்கலாயிற்று. அவை விலை கூடியவை, விரைவில் கெடக்கூடியவை. கடலில் உழைப்பவனுக்குக் கொழுப்பு நீங்காத உணவே தகும் என்பதை அரசு செலவோடு ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது. மாலுமிக்கு விதித்த அதே 12 அவுன்ஸ் இரு நூற்றாண்டு கழித்துச் சுரங்கத் தொழிலாளிக்கும் வாய்த்தது தற்செயலே. ஆயினும் சுவையான தற்செயல்.

19ஆம் நூற்றாண்டிலே தொழிற்சாலைகளும் நீராவிக் கப்பல்களும் பெருகவே நிலைமை மாறியது. பிரித்தானியப் பண்ணைகளின் பால் புகைவண்டியிலேறி நகரங்களுக்குப் பாலாகவே சென்றது. பாற்கட்டி கனடாவிலிருந்தும் பின்னர் நியூசிலாந்திலிருந்தும் வந்திறங்கியது. தொழிலாளியின் மேசையிலிருந்த கட்டி பல்லாயிரம் மைல் கடந்துவந்த கட்டியாயிற்று.

இதற்கிடையில் உணவியல் என்னும் புதிய அறிவு வளர்ந்தது. 1936இல் ஜோன் பொயிட் ஓர் வெளியிட்ட 'உணவு, உடல்நலம், வருமானம்' என்னும் ஆய்வு ஒரு கசப்பான உண்மையை உரைத்தது. பிரித்தானிய மக்களுட் பாதிப்பேர்வரை முழு நலத்துக்குப் போதிய உணவின்றி இருந்தனர். வருமானம் குறையக் குறையப் பாலும் பழமும் குறைந்தன. கல்சியக் குறைவு ஏழைக் குடும்பங்களில் மிகுந்திருந்தது. பேரரசின் தலைநாட்டிலேயே இந்நிலை என்றால், குடியேற்ற நாடுகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

மூன்றாண்டுகளில் போர் மூண்டது. கேம்பிரிட்ஜில் றொபேட் மக்கன்ஸ், எல்சி விடோவ்சன் என்னும் இரு ஆய்வாளர், நாடு முற்றுகையிடப்பட்டால் எவ்வளவு உணவே கிடைக்குமென மதிப்பிட்டு, அவ்வுணவைத் தாமும் தம் நண்பரும் மூன்று மாதம் உண்டு பார்த்தனர். பின்னர்ப் பனிக்காலத்தில் ஏரிநாட்டு மலைகளில் ஏறி இறங்கித் தம் உடல் வலிமையைச் சோதித்தனர். பாணும் கிழங்கும் மரக்கறியும் நிறைந்த அவ்வுணவிலே உடல் தளரவில்லை. ஒரு குறைமட்டும் வெளிப்பட்டது: கல்சியம் போதவில்லை. பாலும் பாற்கட்டியும் சுருங்கியதோடு, தவிடு நீக்காத மாவிலுள்ள ஒரு பொருள் குடலிலே கல்சியத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுத்தது. மாவிலே தூய சுண்ணக்கட்டித் தூளைக் கலக்கலாமென அவர்கள் கண்ட வழியைப் போர்க்காலத்திலேயே அரசு மேற்கொண்டது.

உணவு அமைச்சின் அறிவியல் ஆலோசகராக 1940இல் அமர்ந்தவர் ஜாக் டிரமண்ட். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உயிர்இரசாயனப் பேராசிரியர் அவர்; 'விற்றமின்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டை 1920இல் இன்றைய வடிவுக்குத் திருத்தியவரும் அவரே. ஆங்கிலேயரின் உணவு வரலாற்றை நூலாக எழுதியிருந்தமையால், பழைய ஏழையின் பாணும் பாற்கட்டியும் எத்துணைச் சத்துடையவை என்பதனை வரலாற்றறிவோடும் அறிவியலறிவோடும் உணர்ந்திருந்தார். அமைச்சராயிருந்த வூல்ற்றன் பிரபு வணிகத் துறையிலிருந்து வந்தவர். அறிஞர் சொல்லைக் கடைத்தெருவுக்குக் கொண்டுசெல்லும் வகை அறிந்தவர்.

பால் அளவாகவே இருந்தது; கேட்போர் பலர். முதலிடம் யாருக்கு? 1940இல் வகுத்த தேசியப் பால் திட்டம் கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்துப் பாலை மலிவு விலையில் வழங்கியது. வறியோருக்கு இலவசமாகவே வழங்கியது. நாட்டிற் கறந்த பால் குழந்தைக்கு என்றானபின், உழைப்பாளியின் பாற்கட்டி கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. நீர்மூழ்கிகள் சூழ்ந்த கடலிலே கப்பலிடம் பொன்னினும் அரிது. ஒன்பது பங்கு நீரை நாட்டிலேயே விட்டுவிட்டுச் சத்தை மட்டும் ஏற்றிவரும் பாற்கட்டி அவ்விடத்துக்கு மிகப் பொருந்திய சரக்கு. அமெரிக்கா 1941 மார்ச் மாதத்தில் இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் அந்நாட்டுப் பாற்கட்டியும் வந்து சேர்ந்தது. ஓர் அவுன்சாயிருந்த வாரப் பங்கு 1942இல் எட்டு அவுன்ஸ்வரை உயர்ந்து, பின்னர் மூன்றாகவும் இரண்டாகவும் இறங்கியது. (தேயிலையின் பங்கும் இரண்டு அவுன்சே. சாவாவும் சுமாத்திராவும் யப்பானியர் கைப்பட்டபின், அவ்விரண்டு அவுன்சைக் காப்பதில் இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது என்பதையும் மறத்தலாகாது.)

சுரங்கத் தொழிலாளிக்கும் வயற்கூலியாளுக்கும் ஏன் சிறப்புப் பங்கு? நகரத் தொழிலாளிக்குத் தொழிற்சாலையிலேயே உணவுச்சாலை இருந்தது. அங்கே பங்கீட்டுப் புத்தகமின்றி ஒருவேளை உண்ணலாம். சுரங்கத்தின் அடியில் உணவுச்சாலை ஏது? வயலின் நடுவில் அடுப்பு ஏது? கையோடு கொண்டுசெல்லக்கூடியதும், சமைக்க வேண்டாததும், விரைவிற் கெடாததும், சிறிதளவிலேயே மிகுந்த சத்தளிப்பதுமான உணவு அவர்களுக்கு வேண்டியிருந்தது. பாணிடையில் வைத்த பாற்கட்டியே அதற்கு ஏற்றதாயிற்று. இறைச்சிக் கூப்பனைத் திருப்பியளித்த மரக்கறி உணவினருக்கும் கூடுதல் பாற்கட்டி உண்டு. ஒருவர்க்கு எவ்வளவு என்பதைப் பணப்பையால் அளவாது, அவர் உடலின் தேவையாலும் உழைப்பின் தன்மையாலும் அளந்த அந்த அளவை நேர்மையானது. 1947இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது பிரித்தானிய உணவு, சுகாதார அமைச்சுகளுக்கு வழங்கப்பட்டமை அதற்குக் கிடைத்த சான்று. பொயிட் ஓருக்கு 1949இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

எனினும் இந்த நீதிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தவர் பண்ணைப் பாற்கட்டியாளர். விரைவிற் கெடுவனவும் நீர்ப்பற்று மிகுந்தனவுமான வகைகளுக்குப் பாலைச் செலவிடுவது வீண் என அமைச்சு கருதியது. ஆகவே செடார் போன்ற சில வன்கட்டிகளுக்கே அனுமதி. புகழ்பெற்ற ஸ்ரில்ரன் தடைசெய்யப்பட்டது. பிற வட்டாரக் கட்டிகளும் தம் இயல்பை இழந்து, கப்பலுக்கும் கடைக்கும் ஏற்றவாறு இறுகின. 'அரசாங்கச் செடார்' என்று பெயர்பெற்ற அப்பொதுக் கட்டியை எலிப்பொறிக்கே ஏற்றதென மக்கள் கேலிசெய்தனர். தாய்வழியாக மகளுக்கு வந்த கைப்பக்குவம் ஒரு தலைமுறை வழக்கொழிந்தாற் போதும், மீளாது. போருக்குமுன் நூற்றுக்கணக்கிலிருந்த பண்ணைகளுட் சிறு பகுதியே போருக்குப்பின் மீண்டும் பாற்கட்டி செய்யத் தொடங்கியது. பசித்த குழந்தையின் பாலா, பழம்பெருங் கட்டியின் சுவையா என்று கேட்டால் விடையில் ஐயமில்லை. ஆயினும் போர் முடிந்து ஒன்பது ஆண்டுவரை அக்கட்டுப்பாடு நீடித்தது. பிற்காலத்தில் பங்கு ஒன்றரை அவுன்சுக்கும் தாழ்ந்த நாள்கள் இருந்தன. பாற்கட்டியாளருக்கு நேர்ந்த இழப்பிற் பெரும்பகுதி அந்த நீட்சியால் வந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும்.

1954 மே மாதத்தில் பாற்கட்டிப் பங்கீடு நீங்கியது. அதே ஆண்டில் பற்றிக் றான்ஸ் என்னும் முன்னாள் படை அதிகாரி, தேம்சு நதிக்கரையிலுள்ள ஸ்ரீற்லி என்னும் சிற்றூரில் கடையொன்றை ஏற்றார். எஞ்சிய பண்ணைக் கட்டிகளைத் தேடித்தேடிச் சேர்த்து விற்றார். 1982இல் அவற்றைப்பற்றி அவர் எழுதிய நூல், மறைந்த வகைகள் சில மீண்டும் தோன்ற ஊக்கமளித்தது.

இன்று உணவியலார் பாற்கட்டியை முன்னிலும் நிதானமாக மதிப்பிடுகின்றனர். உழைப்பு மிகுந்து உணவு அருகிய காலத்திலே அரும்பொருளாயிருந்த அதன் கொழுப்பும் உப்பும், உட்கார்ந்து பணிபுரிவோர் நிறைந்த காலத்திலே அளவறிந்து கொள்ளவேண்டியனவாயின. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் கல்சியம் போதுமென்பது பிரித்தானியக் கணக்கு. நாளுக்கு ஓர் அவுன்ஸ் செடார் அதில் காற்பங்குக்கு மேல் தந்துவிடும். 1941இல் வாரத்துக்கு அளந்த அளவை நாளுக்கு அளந்தாற் போதும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இருவரும் வேண்டிய சுண்ணக்கட்டித் தூளோ பிரித்தானியாவின் வெள்ளை மாவிலே சட்டப்படி இன்றும் கலக்கப்பட்டுவருகின்றது.